நாவலாசிரியர் அ. மாதவையா

கதை வாசிப்பது வீண் பொழுதுபோக்கு என்று கூறுவோர் நம்மிடையே பலர் உளர். அக்கூற்று எத்துணை பொருந்தாதது என்பதை அறிய, அ. மாதவையா அவர்களின் வாழ்க்கையை ஒருகால் நோக்குவோம்.

மாதவையா திருநெல்வேலிச் சீமையிலுள்ள பெருங்குளத்தில் 1872ஆம் ஆண்டு அந்தணர் குலத்திற் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று பி. ஏ. பட்டம் பெற்று, உப்பு இலாகாவில் உத்தியோகம் ஏற்றார். அலுவலின் சுமைக்கிடையிலும் எழுத்துப்பணியை அவர் கைவிட்டாரல்லர்.

அக்காலத்திற் சிறுமியருக்கு மணம் முடித்து வைப்பதும், கணவன் இறந்துபடின் தலைமயிர் களைந்து மூலையில் இருத்துவதும் அவர் பிறந்த குலத்தில் வழக்கமாயிருந்தன. கைம்பெண் மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் 1856இலேயே பிறந்துவிட்டது; ஆயினும் வீடுகள் மாறவில்லை. சட்டம் புகாத வீட்டிற்குட் கதை புகுந்தது. 1892இல் மாதவையா 'விவேக சிந்தாமணி'ப் பத்திரிகையில் 'சாவித்திரி சரித்திரம்' எழுதத் தொடங்கினார். அஃது இடையில் நின்றுபோயிற்று. அவரோ அதனை விட்டுவிடவில்லை. 1903இல் அக்கதையே 'முத்துமீனாட்சி' என்னும் நாவலாயிற்று. இளமையில் மணமுற்று, புக்ககத்தில் அல்லலுற்று, கைம்மை எய்தி, ஈற்றில் மறுமணம் புரியும் பெண்ணொருத்தி தன் கதையைத் தானே கூறுவதாக அதனை அமைத்தார்.

நாவலின் வலிமை இங்கேதான் விளங்குகின்றது. பிரசங்கத்தைக் கேட்பவன் அதற்கு மறுப்புத் தேடுவான். கதையை வாசிப்பவனோ அப்பெண்ணின் நோவைத் தானும் நோகின்றான். நூலை மூடியபின், தன் வீட்டில் ஒதுங்கியிருக்கும் தமக்கையையோ அத்தையையோ புதிய கண்கொண்டு பார்க்கின்றான். 1898இல் முதற்பாகம் வெளிவந்த 'பத்மாவதி சரித்திரம்' என்னும் நாவலிலும் மாதவையா பெண்கல்வியை வலியுறுத்தினார். கல்வி கற்ற ஆடவன் உள்ளத்திலும் ஐயம் குடிபுகும் என்பதைக் காட்டினார்.

1925ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆம் திகதி, சென்னைப் பல்கலைக்கழக செனற் சபையில், பி. ஏ. வகுப்பிலே தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டுமெனப் பேசிய மாதவையா, அச்சபையிலேயே உயிர் நீத்தார். சிறுவயது மணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1929இல் நிறைவேறியபோது அதனைக் காண அவர் இலர்.

இளைஞர்களே, மங்கல வைபவங்களிற் கைம்பெண்ணை ஒதுக்கி நிறுத்தும் வழக்கம் நம்மிடையே இன்றும் முற்றாக ஒழியவில்லை. மாதவையாவின் நாவல்களைத் தேடி வாசியுங்கள். வாசித்தபின், அடுத்த வைபவத்தில் உங்கள் வீட்டில் யார் பின்னே நிற்கின்றார் என்று பாருங்கள். அவரை முன்னே அழையுங்கள்.