நட்சத்திரங்களைக் கண்ணால் அளந்த அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி

பள்ளிக்கூடத்தில் வானநூல் பாடம் படிக்கும் நம் பிள்ளைகள் அல்டெபரான், அல்டேர், வேகா, பீட்டல்ஜூஸ் என்று நட்சத்திரப் பெயர்களை ஒப்பிப்பதைக் கேட்கிறோம். அவற்றை ஆங்கிலப் பெயர்கள் என்றே நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவை அரபுப் பெயர்கள். அல்டெபரான் என்பது ‘அத்தபரான்’. பின்தொடர்வது என்று பொருள். அரபிகள் ‘துரையா’ என்றழைக்கும் கார்த்திகைக் கூட்டத்தைப் பின்தொடர்ந்து உதிப்பதால் அப்பெயர் வந்தது. நாம் ரோகிணி என்பது அதைத்தான். அல்டேர் என்பது ‘அந்நஸ்ருத் தாயிர்’, அதாவது பறக்கும் கழுகு, நமக்குத் திருவோணம்.

இத்தகைய பெயர்களைத் திரட்டி, எந்தப் பெயர் வானத்தில் எந்த நட்சத்திரத்தைக் குறிக்கும் என்று தெளிவுற எழுதிவைத்தவர்களுள் தலையானவர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி. பெயரில் ‘ஸூஃபி’ என்றிருப்பதைக் கண்டு இவரை ஒரு தரீக்காவின் ஷெய்க் என்று கருதிவிட வேண்டாம். உலகம் இவரை அறிந்திருப்பது வானநூலால்தான்.

ஹிஜ்ரி 291, முஹர்ரம் பிறை 14இல், அதாவது கி.பி. 903 டிசம்பரில், பாரசீகத்தின் ரய் நகரில் அன்னார் பிறந்தார். இன்றைய தெஹ்ரானை ஒட்டியுள்ள ஊர் அது. புவைஹி வமிசத்தின் புகழ்பெற்ற மன்னரான அளுதுத் தவ்லாவின் அவையில் இடம்பெற்றார். இம்மன்னர் ஷீராஸைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவர். பக்தாதில் பெரிய மருத்துவமனை ஒன்றையும் நிறுவியவர். இலக்கணத்துக்கு ஒருவர், வானநூல் அட்டவணைகளுக்கு ஒருவர், நட்சத்திரங்களுக்கு அஸ்ஸூஃபி என்று தம் ஆசிரியர்களின் பெயர்களைப் பெருமையோடு சொல்லிக்கொள்வாராம். அரசருக்கு ஆசானாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. ஓர் ஆபத்தும் உண்டு. வசதியைப் பயன்படுத்திக்கொண்ட இவர், முகஸ்துதியில் காலத்தைக் கழிக்கவில்லை என்பதற்கு அவருடைய நூலே சாட்சி.

அன்று நட்சத்திரம் அறிந்தோர் இருவகையினராக இருந்தனர். ஒரு வகையினர் ஏட்டுப் படிப்பாளிகள். கிரேக்க அறிஞர் தாலமி கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுதிய அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு, அதன்படி கோளங்கள் செய்து புள்ளி குத்துவார்கள். இரவில் வெளியே அழைத்து வந்து அந்த நட்சத்திரம் எங்கே என்று கேட்டால் விழிப்பார்கள். மற்றொரு வகையினர் பாலைவனத்து அரபிகளின் நட்சத்திர வழக்குகளையும் கவிதைகளையும் தொகுத்தவர்கள். பெயர்கள் அவர்களுக்கு அத்துபடி, கணக்குத் தெரியாது. ஹிஜ்ரி 335இல் தீனவர் நகருக்கும், 337இல் இஸ்ஃபஹானுக்கும் சென்ற அஸ்ஸூஃபி இந்தக் குறையை நேரில் கண்டார். பெயர் பெற்றவர்கள்கூட முன்னோர் எழுதியதைப் பார்த்து எழுதினார்களேயன்றி அண்ணாந்து பார்க்கவில்லை என்பதே அவருடைய மனவருத்தம்.

கி.பி. 964 அளவில் அவர் எழுதி முடித்த ‘கிதாபு ஸுவரில் கவாகிப்’ என்னும் நூல் இந்த வருத்தத்தின் விளைவு. தாலமி வகுத்த 48 நட்சத்திர மண்டலங்களையும் அவர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். ஆயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களையும் வரிசையாகப் பார்த்து, ஒவ்வொன்றின் ஒளியையும் தாமே மதிப்பிட்டார். மிகப் பிரகாசமானது முதல் தரம், கண்ணுக்கு மங்கலாகத் தெரிவது ஆறாம் தரம் என்பது பழைய முறை. இவர் அந்தத் தரங்களுக்கு இடைப்பட்ட படிகளையும் நுணுக்கமாகக் குறித்தார். தாலமியின் மதிப்பீடு தம் கண்ணுக்குப் பொருந்தாத இடங்களில் அதை மறைக்காமல் எழுதினார். தொலைநோக்கி தோன்ற இன்னும் ஆறரை நூற்றாண்டுகள் இருந்தன என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுவோம். நட்சத்திரங்களின் இருப்பிடத்தை அவர் புதிதாக அளக்கவில்லை. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் நட்சத்திரங்கள் யாவும் இடம் பெயர்வதாகத் தோன்றும். அப்பெயர்ச்சி நூறாண்டுக்கு ஒரு பாகை என்றார் தாலமி. அஸ்ஸூஃபி கொண்ட கணக்கு 66 ஆண்டுக்கு ஒரு பாகை. இன்றைய கணக்கு ஏறக்குறைய 72 ஆண்டு. அவர் தாலமியின் எண்களோடு 12 பாகை 42 கலையைக் கூட்டிக்கொண்டார், அவ்வளவே. முஸ்லிம் அறிஞர்களின் பெருமை பேசும்போது இல்லாததையும் ஏற்றிச் சொல்லும் பழக்கம் நம்மிடையே உண்டு. அஸ்ஸூஃபிக்கு அது தேவையில்லை.

நூலில் ஒவ்வொரு மண்டலத்துக்கும் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஏன் இரண்டு? பூவேலை செய்த துணியை மறுபுறம் திருப்பினால் இடப்பக்கப் பூ வலப்பக்கம் வந்துவிடுகிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும். வானத்தை நாம் உள்ளிருந்து பார்க்கிறோம். கோளத்தையோ வெளியிலிருந்து பார்க்கிறோம். படிப்பவர் தடுமாறக் கூடாதென்று இரண்டு தோற்றங்களையும் வரைந்து கொடுத்தார்.

அவருடைய பெயர்ப்பட்டியலில் எரிநட்சத்திரங்களுக்கு இடமில்லை. அவர் எழுதியது நிலைத்த நட்சத்திரங்களைப் பற்றி மட்டுமே. வானில் ஒளிக்கோடு பாய்ந்தால் நட்சத்திரம் விழுந்துவிட்டது என்று வீட்டில் பெண்கள் சொல்வதுண்டு. விழுவது நட்சத்திரமன்று, பெரும்பாலும் மணல் பருக்கையளவு துகள். விநாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து, நமக்கு மேலே சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் எரிந்துபோகிறது. அதிலுள்ள சோடியம் மஞ்சளாகவும் மக்னீசியம் நீலப்பச்சையாகவும் ஒளிவிடும். பொருள் எதுவோ அதற்கேற்ற நிறம் என்ற இந்த இரசாயன விதியைக் கொண்டுதான் நட்சத்திரங்கள் எதனால் ஆனவை என்பதையும் கண்டறிந்தார்கள். 1925இல் சிசிலியா பெய்ன் என்ற பெண்மணி, நட்சத்திரங்களில் மிகுந்திருப்பது ஹைட்ரஜன் வாயுவே என்று காட்டினார். ரோகிணியின் செந்நிறத்தை அஸ்ஸூஃபி தம் நூலில் குறித்திருக்கிறார். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ் வெப்பமுடையது. ரோகிணியினுடையது சுமார் 3,600 டிகிரிதான். ஆகவே அது சிவந்து காண்கிறது. காரணம் அவருக்குத் தெரிய வழியில்லை. கண்டதை எழுதினார்.

ஹிஜ்ரி 376, முஹர்ரம் பிறை 13இல், கி.பி. 986 மே மாதத்தில் அன்னார் காலமானார். சந்திரக் கணக்கில் 85 வயது. அவர் செய்த வெள்ளிக் கோளம் ஒன்று 1043இல் கெய்ரோ நூலகத்தில் இருந்ததாக வரலாறு கூறுகிறது. ஹிஜ்ரி 400 என்று ஆண்டிட்ட நூற்பிரதி ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. அவருடைய மகன் எழுதியதென நெடுங்காலம் கருதப்பட்டது, இப்போது ஆய்வாளர் சிலர் அதை ஐயுறுகின்றனர். பதினைந்தாம் நூற்றாண்டில் ஸமர்கந்தில் வானாய்வுக்கூடம் கட்டிய உலூக் பேக் இந்நூலைத் துணையாகக் கொண்டார். 1874இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வந்தது. ஐரோப்பியர் அவரை ‘அஸோஃபி’ என்றனர். சந்திரனில் ஒரு பள்ளத்துக்கு அப்பெயர் இருக்கிறது.

அவர் எழுதியவற்றுள் மிகச் சிறிய குறிப்பொன்றே இன்று மிகப் பெரிதாகிவிட்டது. ஆண்ட்ரோமெடா மண்டலத்தின் அருகே அரபிகள் ஒரு பெரிய மீன் உருவத்தைக் கண்டிருந்தார்கள். அம்மீனின் வாயருகே மேகம் போன்ற ஒரு கறை இருப்பதாக அஸ்ஸூஃபி குறித்துவைத்தார். தாலமியின் அட்டவணையில் அது கிடையாது. ஏட்டை மட்டும் பார்த்திருந்தால் விட்டுப்போயிருக்கும். இன்று நமக்குக் கிடைத்துள்ள எழுத்துக் குறிப்புகளில் அதைப் பற்றிய முதல் குறிப்பு இதுவே எனப்படுகிறது. ஜெர்மானியரான சைமன் மாரியஸ் 1612இல் அதைத் தொலைநோக்கியில் பார்த்தார். அது நம் பால்வெளிக்கு உள்ளே இருக்கும் வாயு மேகமா, அல்லது வெளியே தனியொரு நட்சத்திரக் கூட்டமா என்று பின்வந்தோர் நெடுங்காலம் வாதிட்டனர். 1923இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வுக்கூடத்தில் எட்வின் ஹபிள் எடுத்த படங்கள் வழக்கைத் தீர்த்தன. அது கோடானுகோடி நட்சத்திரங்கள் கொண்ட தனியொரு மண்டலம். விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி அங்கிருந்து நம்மிடம் வந்து சேர ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. கருவி எதுவுமின்றி மனிதக் கண் எட்டக்கூடிய மிகத் தொலைவான பொருள்களுள் அதுவும் ஒன்று.

நம் ஊர்களிலிருந்தும் அதைக் காணலாம். டிசம்பர் நடுவில், மழை ஓய்ந்து நிலவில்லாத இரவில், இஷாத் தொழுகைக்குப் பின் தெருவிளக்கில்லாத இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். வடக்கு நோக்கி நின்று, அடிவானத்துக்கும் உச்சிக்கும் பாதி தூரத்தைத் தாண்டிச் சற்று மேலே தேடுங்கள். கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி நேரமாவது வேண்டும். நேராக உற்றுப் பார்ப்பதைவிடச் சற்றே ஓரக்கண்ணால் பார்த்தால், அந்தச் சிறு மேகம் தென்படும்.