பண்டித ரமாபாய்: ஞானஸ்நானம் 1883-ல், நிம்மதி 1891-ல்

பண்டித ரமாபாய் பெயரைப் பெண் கல்வி, விதவைகள் மறுவாழ்வு பற்றிய பாடத்தில் படித்திருப்பீர்கள். தேர்வுக்கு அது போதும். ஆனா அவருக்குள்ளே வருஷக்கணக்கில் ஒரு போராட்டம் நடந்தது. அது பாடப்புத்தகத்தில் வராது.

1858-ல் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில் பிறந்தவர். அப்பா அனந்த சாஸ்திரி டோங்ரே, ஊர் எதிர்ப்பை மீறி மனைவிக்குச் சமஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தார். அம்மா அதை மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கோயில் கோயிலாகப் போய்ப் புராணம் வாசித்துப் பிழைத்த குடும்பம். விரதம், தானம், தீர்த்தம் எதிலும் குறை வைக்கவில்லை. அப்படியும் 1870-களின் பஞ்சத்தில் அப்பா, அம்மா, அக்கா மூவரும் இறந்துபோனார்கள். எல்லாம் சரியாகத்தானே செய்தோம், அப்புறம் ஏன்? இந்தக் கேள்வியோடுதான் அண்ணனும் தங்கையும் நடந்தே நாடு சுற்றினார்கள்.

1878-ல் கல்கத்தா. அங்கே அறிஞர்கள் அவருடைய புலமையைச் சோதித்து, ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ பட்டங்களைக் கொடுத்தார்கள். 1880-ல் அண்ணன் இறந்தார். அதே வருஷம் சாதி தாண்டிக் கல்யாணம். 1882-ல் கணவரும் காலமானார். கையில் குழந்தை மனோரமா. அப்போ ரமாபாய்க்கு வயசு 23.

1883-ல் இங்கிலாந்து போனார். வாண்டேஜ் என்ற ஊரில் ஆங்கிலிக்கன் கன்னியர் மடத்தில் தங்கியிருந்தபோது மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். இந்தியாவில் பெரிய சலசலப்பு. ஜோதிராவ் பூலே மாதிரி வெகு சிலர்தான் அவர் பக்கம் பேசினார்கள். மதம் மாறினாலும் ஆள் அடங்கவில்லை. முட்டை சேர்த்த பலகாரத்தைக்கூடத் தொடாத சைவம். திரித்துவம் பற்றியும் சபையின் அதிகாரம் பற்றியும் கன்னியரோடு ஓயாத வாக்குவாதம். சிலுவையில் எதற்கு லத்தீன் எழுத்து, சமஸ்கிருதம் இருந்தால் என்ன என்றுகூடக் கேட்டார். நியாயமான கேள்விதான்!

1889-ல் பம்பாயில் விதவைகளுக்காக சாரதா சதன் பள்ளியைத் தொடங்கி, அடுத்த வருஷம் புனேவுக்கு மாற்றினார். வெளியே பார்த்தால் வெற்றி. உள்ளே வெறுமை. ஞானஸ்நானம் ஆச்சு, ஜெபம் ஆச்சு, சேவை ஆச்சு. ஆனாலும் பாவச் சுமை இறங்கவில்லை.

1891 வாக்கில் ஹாஸ்லம் என்ற ஆங்கிலப் பாதிரியாரின் சுயசரிதை அவர் கைக்குக் கிடைத்தது. போதகராக இருந்துகொண்டே தனக்கு உண்மையான மனமாற்றம் இன்னும் வரவில்லை என்று கண்டுகொண்ட மனிதர் அவர். ரமாபாய்க்கு அது தன் கதையாகவே தெரிந்தது. தன்னிடம் கிறிஸ்துவின் மதம் இருந்தது, கிறிஸ்து இல்லை என்று பிற்பாடு தன் சாட்சியத்தில் விளக்குகிறார். அப்பா தீர்த்த யாத்திரையில் தேடியதைத் தானும் சடங்கிலும் நற்செயலிலும்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. தகுதி சேர்த்துக்கொண்டு கடவுளிடம் போக வேண்டியதில்லை. கிறிஸ்துவோடு இணைந்தவருக்கு அவருடைய நீதியே சொந்தமாகிறது. கிறிஸ்தவ இறையியலில் ‘கிறிஸ்துவுக்குள் இருத்தல்’ என்பது இதுதான். அதை நம்பிய பிறகே தனக்கு நிம்மதி வந்தது என்கிறார்.

நிம்மதி வந்ததும் சிக்கலும் வந்தது. மதம் போதிக்காத பள்ளி என்று சொல்லித்தான் சாரதா சதன் நடந்தது. ரமாபாய் தன் அறைக் கதவைத் திறந்து வைத்து ஜெபித்தார். மாணவிகள் சிலர் வந்து உட்கார்ந்தார்கள். திலகரின் ‘கேசரி’ கடுமையாகத் தாக்கியது. 1893-ல் ரானடே, பண்டார்கர் போன்ற நண்பர்களே ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினார்கள். பலர் பெண்பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். நம்பி அனுப்பியவர்களின் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆனா கதவைச் சாத்த அவருக்கு மனசு வரவில்லை.

1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களுக்கே போய் நூற்றுக்கணக்கான பெண்களையும் குழந்தைகளையும் மீட்டுவந்தார். தானும் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்தானே. புனே அருகே கேட்காவில் ‘முக்தி’ இல்லம் இப்படித்தான் வளர்ந்தது.

கடைசி வருஷங்கள் பைபிளை எபிரேய, கிரேக்க மூலத்திலிருந்து மராத்திக்குக் கொண்டுவருவதில் கழிந்தன. 1921-ல் மகள் மனோரமா இறந்தார். 1922 ஏப்ரல் 5-ல் ரமாபாயும். சமஸ்கிருதத்தில் பட்டம் வாங்கிய அந்தப் பண்டிதை, மொழிபெயர்ப்பில் கனமான சமஸ்கிருதச் சொற்களைத் தவிர்த்தார். கிராமத்துப் பெண்கள் தாங்களே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக.