கண்டங்கள் நகர்வதைக் கண்டவர்

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவிலும், தியாகராய நகர் பனகல் பூங்காவும், அடையாறு ஆலமரமும் என்றும் ஒரே இடத்தில் நிற்பதாகத்தான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மை அது அல்ல. அவை அத்தனையும் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம், வடகிழக்குத் திசையில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன!

சென்னை மட்டும் அல்ல, இந்தியா முழுவதுமே நகருகிறது. விரல் நகம் வளரும் வேகத்தைவிடச் சற்றே அதிகமான வேகம் அது. இன்று பிறந்த குழந்தை அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளும்போது, அது பிறந்த வீடு 10 அடி தள்ளிப் போயிருக்கும். வீட்டோடு தெருவும், கோவிலும், கடற்கரையும் சேர்ந்தே போவதால் யார் கண்ணுக்கும் அது தெரிவதில்லை.

கண்டங்கள் நகருகின்றன என்பதை ஆதாரங்களோடு உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் ஆல்பிரட் வெகனர் என்ற ஜெர்மானியர். அதற்காக அவரைப் பலர் ஏளனம் செய்தார்கள். தாம் சொன்னதை உலகம் ஒப்புக்கொள்ளும் நாளைப் பார்க்காமலே, பனிப் பாலைவனத்தில் அவர் உயிர் துறந்தார்.

பாதிரியார் மகன்

1880-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி பெர்லின் நகரில் வெகனர் பிறந்தார். தந்தை ஒரு பாதிரியார்; ஆசிரியரும்கூட. ஐந்து குழந்தைகளில் ஆல்பிரட்தான் கடைக்குட்டி.

வானசாஸ்திரம் படித்து 1905-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் நட்சத்திரங்களைவிடக் காற்றும் மழையும் பனியுமே அவர் மனத்தைக் கவர்ந்தன. வானிலை ஆராய்ச்சியில் இறங்கினார்.

1906-ல் அவரும் அண்ணன் கர்ட்டும் பலூனில் ஏறிப் பறந்தார்கள். 52 மணி நேரத்துக்கு மேல் கீழே இறங்கவில்லை. அந்நாளில் அது உலக சாதனை! அதே ஆண்டில் வெகனர் கிரீன்லாந்துக்குப் புறப்பட்டார். பெரும்பகுதி எப்போதும் பனியால் மூடிக் கிடக்கும் பெரிய தீவு அது. அந்தப் பயணத்தில் தலைவரும் வேறு இருவரும் மாண்டுபோனார்கள். வெகனர் உயிரோடு திரும்பினார். ஆனால் கிரீன்லாந்தின் மீது கொண்ட ஆசை அவரை விடவில்லை.

தேசப்படம் சொன்ன சேதி

தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். தென் அமெரிக்காவின் கிழக்கு ஓரம் வெளியே புடைத்திருக்கும். ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரம் உள்ளே குழிந்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால், உடைந்த அப்பளத்தின் இரு துண்டுகள் போலப் பொருந்தும்.

இதை வெகனருக்கு முன்பே சிலர் கவனித்தது உண்டு. ஆனால் வெகனர் அதோடு நிற்கவில்லை. 1911-ல் நூலகத்தில் ஒரு கட்டுரையைப் படித்தார். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே வகைப் பிராணிகளும் செடிகளும் கல்லாகிக் கிடப்பதை அது கூறியது.

தண்ணீரில் வாழ்ந்த சிறிய ஊர்வன ஒன்று பிரேசிலிலும் இருந்திருக்கிறது, தென் ஆப்பிரிக்காவிலும் இருந்திருக்கிறது. பெருங்கடலை அது நீந்திக் கடந்திருக்க முடியுமா? நாக்கு போன்ற இலை கொண்ட ஒரு பழங்காலச் செடியின் சுவடுகள் இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, அண்டார்க்டிகா எல்லாவற்றிலும் கிடைக்கின்றன. வெயில் கொளுத்தும் ஒடிசாவில், பனியாறுகள் இழுத்து வந்து போட்ட கற்கள் இருக்கின்றன!

அடுத்தடுத்துப் பதித்த இரண்டு தளக்கற்களின் மேல் ஒரே கோலம் போட்டு, பிறகு கற்களைப் பிரித்து வைத்தால் என்ன ஆகும்? கோலத்தின் கோடுகள் ஒரு கல்லின் ஓரத்தில் நின்று, மறு கல்லின் ஓரத்தில் தொடரும். கண்டங்களின் மலைகளும் பாறைகளும் அப்படித்தான் இருந்தன. ஆகவே, கண்டங்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து பிரிந்தன என்று வெகனர் முடிவு கட்டினார். 1912-ம் ஆண்டு ஜனவரி 6-ந் தேதி, பிராங்க்பர்ட் நகரில் அறிஞர் சபை முன் இதை விளக்கினார்.

மூழ்கிய கண்டமா?

அந்நாளைய அறிஞர்கள் இதற்கு வேறு காரணம் கூறிவந்தார்கள். கண்டங்களுக்கு நடுவே நிலப் பாலங்கள் இருந்து, பின்னர் கடலில் மூழ்கிவிட்டன என்றார்கள். 1864-ல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேயர், மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் நடுவே இருந்ததாகக் கருதிய நிலத்துக்கு லெமூரியா என்று பெயரும் வைத்தார். தமிழ்நாட்டில் அந்தப் பெயர் வெகுவாகப் பரவியது.

வெகனர் இதை ஏற்கவில்லை. கண்டங்களின் பாறை கனம் குறைந்தது. கடலடிப் பாறை கனம் மிகுந்தது. தண்ணீரில் மிதக்கும் கட்டை தானாக மூழ்காதது போல, ஒரு பெருங்கண்டம் கடலடிக்குள் அமிழ்ந்துபோக முடியாது. கடல் மட்டம் உயர்ந்து கரையோர நிலத்தை விழுங்குவது உண்டு. ஆனால் கண்டமே மூழ்குவது என்பது வேறு விஷயம். மடகாஸ்கரும் இந்தியாவும் ஒட்டி இருந்து பிரிந்தன என்றால், மூழ்கிய கண்டம் எதுவும் தேவை இல்லை.

போரும் புத்தகமும்

1912-ல் வெகனர் மீண்டும் கிரீன்லாந்து சென்று, பனிப்பரப்பைக் குறுக்கே கடந்தார். உணவு தீர்ந்து, கூட வந்த கடைசிக் குதிரையையும் நாயையும் தின்று உயிர் பிழைக்க நேர்ந்தது. 1913-ல் திருமணம் நடந்தது. மனைவி எல்சே, புகழ்பெற்ற வானிலை நிபுணர் கெப்பனின் மகள். கண்ட ஆராய்ச்சி வேண்டாம் என்று மாமனார் முதலில் தடுத்தார். பின்னர் அவரே மருமகன் பக்கம் சேர்ந்துகொண்டார்.

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. போர்முனைக்குச் சென்ற வெகனர் இருமுறை காயம் அடைந்தார். ஓய்வில் இருந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. கண்டங்களும் கடல்களும் தோன்றிய விதம் பற்றி நூல் எழுதி, 1915-ல் வெளியிட்டார்.

எதிர்ப்பு பலமாகக் கிளம்பியது. வானிலைக்காரருக்கு நிலத்தைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் இகழ்ந்தார்கள். நியாயமான கேள்வி ஒன்றும் எழுந்தது: இத்தனை பெரிய கண்டத்தைத் தள்ளுகிற சக்தி எது? வெகனர் சொன்ன விடை சரியாக இல்லை. பூமி சுழலும் வேகமும், சூரிய சந்திரரின் இழுப்பும் என்றார். அந்தச் சக்தி போதவே போதாது என்று கணக்கில் தெரிந்தது. கிரீன்லாந்து ஆண்டுக்குப் பல மீட்டர் நகர்வதாக அவர் போட்ட கணக்கும் மிகையானது. ஜெர்மனியில் பேராசிரியர் பதவி கிட்டவில்லை. 1924-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகம்தான் அவருக்கு அந்தப் பதவியை அளித்தது.

கடைசிப் பயணம்

1930-ல் ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கி வெகனர் மறுபடியும் கிரீன்லாந்து சென்றார். கரையிலிருந்து 400 கிலோமீட்டர் உள்ளே, பனிப்பரப்பின் நடுவில், ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. இருவர் அங்கே தங்கினார்கள். குளிர்காலத்துக்கு வேண்டிய பொருள்கள் அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

தலைவர் சும்மா இருப்பாரா? செப்டம்பரில் நாய் வண்டிகளுடன் அவரே புறப்பட்டார். குளிர் தாங்காமல் கிரீன்லாந்துக்காரர்கள் ஒருவர் தவிர அனைவரும் வழியில் திரும்பிவிட்டார்கள். வெகனர், நண்பர் லோவே, ராஸ்மஸ் வில்லும்சென் என்ற கிரீன்லாந்து இளைஞர் ஆகிய மூவரும் அக்டோபர் 30-ந் தேதி நிலையத்தை அடைந்தார்கள். லோவேயின் கால்விரல்கள் குளிரில் செத்துப்போயிருந்தன. மயக்க மருந்து இல்லை. பேனாக்கத்தியால் அவற்றை வெட்டி எடுத்தார்கள்!

ஐந்து பேருக்கு அங்கே உணவு போதாது. ஆகவே நவம்பர் 1-ந் தேதி, தம் 50-வது பிறந்த நாளில், வெகனரும் வில்லும்செனும் கரைக்குத் திரும்பக் கிளம்பினார்கள். இருவருமே ஊர் போய்ச் சேரவில்லை.

அடுத்த ஆண்டு மே மாதம், பாதி வழியில், பனியில் நட்டிருந்த சறுக்குக் கட்டைகள் தேடியவர்கள் கண்ணில் பட்டன. அடியில் வெகனரின் உடல் இருந்தது. வில்லும்சென் அதை அன்போடு துணியில் பொதிந்து அடக்கம் செய்திருந்தார். அந்த இளைஞர் என்ன ஆனார் என்பது இன்றுவரை தெரியவில்லை.

உலகம் ஒப்பியது

வெகனர் இறந்து 30 ஆண்டுகளுக்குப் பின் காட்சி மாறியது. கடலின் அடியில் நீண்ட மலைத்தொடர்கள் இருப்பதும், அங்கே பூமி பிளந்து புதிய பாறை உண்டாவதும் தெரியவந்தன. இந்தியாவின் தக்காண எரிமலைப் பாறைகளில் பதிந்திருந்த காந்த அடையாளமும், இந்தியா ஒரு காலத்தில் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருந்ததைக் காட்டியது. 1960-களின் முடிவில் விஞ்ஞானிகள் பெரும்பாலோர் நகர்வை ஏற்றுக்கொண்டார்கள்.

பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல. பல பெரிய தட்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. தட்டுகள் சுமார் 100 கிலோமீட்டர் கனம் உள்ளவை. அவற்றின் அடியில் இருப்பதும் பாறைதான். ஆனால் கடும் சூட்டில் அது மெழுகு போல மிக மெதுவாக நகரும். அதோடு தட்டுகளும் நகரும். சில இடங்களில் தட்டுகள் விலகுகின்றன. சில இடங்களில் மோதுகின்றன, அல்லது ஒன்று மற்றொன்றின் அடியில் புகுகிறது. சில இடங்களில் பக்கத்தில் உரசிச் செல்கின்றன.

இந்தியத் தட்டு சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது. அந்த மோதலில் எழுந்ததே இமயமலை!

பரங்கிமலைக் கல்

இந்தக் கதைக்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கருங்கல் 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் பழமையானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறை இந்த வகைக் கல்லால் ஆனது என்பதால், தாமஸ் ஹாலந்து என்ற நிபுணர் 1893-ல் இதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். அண்டார்க்டிகாவின் கிழக்குப் பகுதியிலும் இதே வகைப் பாறை இருக்கிறது. நம் கிழக்குக் கரையும் அந்தப் பனிக் கண்டமும் ஒட்டி இருந்தவை. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்திய செடிகளின் சுவடுகள் கல்லில் பதிந்து கிடக்கின்றன.

சென்னை தட்டின் ஓரத்தில் இல்லை. அதனால் பெரிய பூகம்பங்கள் இங்கே அரிது. ஆனால் ஓரத்தில் நடப்பது இங்கும் எட்டும். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி காலை, சுமத்ரா அருகே இந்தியத் தட்டு அடியில் புகும் இடத்தில், பல காலமாகச் சிக்கியிருந்த பாறை திடீரென விடுபட்டது. கடலடி மேலெழுந்து தண்ணீரைத் தள்ளியது. சுமார் இரண்டரை மணி நேரத்தில் மெரினா, பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் கரைகளை அலை தாக்கியது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர்.

2012 ஏப்ரல் 11-ந் தேதியும் சுமத்ரா கடலில் பெரும் பூகம்பம். சென்னையில் கட்டடங்கள் ஆட, பலர் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஆனால் பெரிய அலை எழவில்லை. அன்று பாறைகள் மேலெழாமல், பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம்.

2004-ல் எச்சரிக்கை தர இந்தியப் பெருங்கடலில் ஏற்பாடு எதுவும் இல்லை. 2007 முதல் ஐதராபாத்தில் ஒரு நிலையம் இரவும் பகலும் கடலைக் கவனித்து வருகிறது. தட்டு எங்கே அடியில் புகுகிறது என்பது தெரிந்ததால்தான், எந்த இடத்தைக் கவனிப்பது என்பதும் தெரிந்தது. மீனவர் குடும்பங்களுக்கு அது கொடுக்கும் இரண்டரை மணி நேரத்தில், வெகனரின் உழைப்புக்கும் பங்கு உண்டு.

அவருடைய உடலைக் கண்டெடுத்தவர்கள் அதை ஊருக்குக் கொண்டுபோகவில்லை. பனியிலேயே மறுபடி அடக்கம் செய்தார்கள். ஆண்டுதோறும் விழும் பனி அதன் மேல் மூடி வருகிறது. அந்தப் பனிப்பரப்போடு சேர்ந்து, அவரும் கடலை நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறார்.