உறக்கத்தின் இருப்பிடம் கண்டவர்

வகுப்பறையில் உறங்கும் மாணவனைக் கண்டதும் ஆசிரியர் உள்ளத்தில் முதலில் எழுவது இரக்கம் அன்று, சினமே. முப்பது ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் இதனைச் சொல்கின்றேன். என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். எழுதிக்கொண்டிருக்கும்போதே, பென்சில் கையில் இருக்க, உறங்கிவிடுவான். பெயர் சொல்லி அழைத்தால் விழித்துக் கேட்ட வினாவுக்குச் சரியான விடை பகர்வான்; சில நிமிடங்களில் மீண்டும் தலை கவிழும். அவனைச் சோம்பேறி என்றேன். வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினேன். அவ்வாண்டு முடியுமுன் அவன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான். ஓய்வு பெற்ற பின்னர், கொன்ஸ்ரன்ரின் வொன் எக்கொனமோ என்னும் மூளையியல் அறிஞரின் வரலாற்றைக் கற்றபோதுதான் அச்சிறுவனின் முகம் மீண்டும் என் கண்முன் வந்து நின்றது.

எக்கொனமோ 1876 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21 ஆம் திகதி, ருமேனியாவின் பிரயிலா நகரில், செல்வமிக்க கிரேக்கக் குடும்பமொன்றிற் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் திரியெஸ்ற் துறைமுகத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்நகர் இன்று இத்தாலியைச் சேர்ந்தது. அன்று ஒஸ்திரியப் பேரரசுக்குரியது. வீட்டிற் கிரேக்கமும், தெருவில் இத்தாலியமும், கல்விக்கு ஜெர்மனுமாகப் பல மொழிகள் அவர் நாவிற் பழகின. தந்தையின் விருப்பப்படி வியன்னாவில் எந்திரவியல் கற்கத் தொடங்கியவர், இரண்டு ஆண்டுகளின் பின் அதனைக் கைவிட்டு மருத்துவத்துக்கு மாறினார். 1901 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். ஐரோப்பாவின் புகழ்மிக்க ஆசிரியர் சிலரிடம் பயின்று திரும்பி, 1906 முதல் வியன்னாவில் பேராசிரியர் வாக்னர் யௌரெக்கின் உளநோய் வைத்தியசாலையிற் பணி புரிந்தார்.

இளமையில் நெஞ்சிற் பதிந்த எந்திரக் காதல் அவரை விட்டு அகலவில்லை. ஆகாயவிமானம் என்பது மரச் சட்டமும் துணியுமாக இருந்த காலத்திலேயே அதனைச் செலுத்தக் கற்றார். ஒஸ்திரியாவின் முதல் விமானிகள் வரிசையில் இடம்பெற்றார். அந்நாட்டு விமானக் கழகத்தின் தலைவராகப் பல ஆண்டுகள் விளங்கினார். முதலாம் உலகப் போரில் தென்திரோல் மலைகளின் மேலே பறந்தார். அவர் சகோதரர் ஒருவர் போர்முனையில் மாண்டபோது, பெற்றோர் அவரைத் திரும்பி வரும்படி வேண்டினர். அவர் வியன்னாவுக்கு மீண்டு, தலையிற் காயமுற்ற போர்வீரர்களுக்குச் சிகிச்சை செய்யலானார். அவரை நிலைத்த புகழுக்குக் கொண்டுசென்ற நோய் அங்குதான் அவரைத் தேடி வந்தது.

1916 இன் இறுதியிலும் 1917 இன் தொடக்கத்திலும் அவ்வைத்தியசாலைக்கு வந்த நோயாளர் சிலரின் குறிகள் மருத்துவர்களைத் திகைக்க வைத்தன. தலைவலியும் காய்ச்சலும் முதலில் தோன்றின. பின்னர் இருந்த இடத்திலேயே உறக்கம் கவிந்தது. உணவை மென்றுகொண்டிருக்கும்போதே உறங்கினர். எழுப்பினால் தெளிவாகப் பேசினர். விட்டவுடன் மீண்டும் உறங்கினர். சிலருக்கு இவ்வுறக்கம் வாரக்கணக்கில் நீடித்து மரணத்தில் முடிந்தது. அறிந்த நோய் எதனுள்ளும் இது அடங்கவில்லை. இன்புளுவென்சாவின் பின் 1890 அளவில் வட இத்தாலியில் நோனா என்றொரு உறக்கநோய் பரவியது என்று தம் இளமையிற் கேட்ட கதை எக்கொனமோவின் நினைவுக்கு வந்தது. 1917 ஏப்ரில் மாதத்தில் வியன்னா மருத்துவர் சபையில் இதனைப் புதியதொரு நோயாக எடுத்துரைத்தார். மூளையழற்சியால் வரும் உறக்கம் என்னும் பொருள்பட என்செபலைற்றிஸ் லெதார்ஜிக்கா என்று பெயரும் இட்டார். அடுத்த பத்தாண்டுகளில் அந்நோய் உலகெங்கும் பரவிப் பல்லாயிரவரைக் கொன்றது. உயிர் தப்பியோர் பலரைக் கைகால் அசையாத சிலைகளாக்கியது. 1920 களின் பிற்பகுதியில், வந்த விதம் போலவே, மறைந்தும் போயிற்று. அதன் காரணம் இன்றுவரை உறுதியாகத் தெளியப்படவில்லை.

புதிய நோயொன்றை விவரித்ததோடு நின்றிருந்தால் எக்கொனமோ நல்ல மருத்துவராக மட்டும் நினைக்கப்பட்டிருப்பார். அவர் மேலும் ஒரு வினாவை எழுப்பினார். ஒரே நோய், சிலரை ஓயாது உறங்கச் செய்கின்றது. வேறு சிலரை இரவு முழுதும் உறக்கமின்றி அலைக்கழிக்கின்றது. இதற்குக் காரணம் யாது? இறந்தோரின் மூளைகளை மென்தகடுகளாகச் சீவி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பொறுமையுடன் ஆராய்ந்தார். உறங்கியே இறந்தவர்களுக்குக் கண்ணை அசைக்கும் தசைகளும் பெரும்பாலும் செயலிழந்திருந்தன. அத்தசைகளை ஆளும் நரம்புகள் தொடங்கும் நடுமூளைக்கு அருகிலேயே, பரிவகக்கீழ் என்னும் பகுதியின் பின்புறத்தில், சிதைவு காணப்பட்டது. உறக்கமின்றி இறந்தவர்களுக்கோ சிதைவு அப்பகுதியின் முன்புறத்தில் இருந்தது. பின்புறம் விழிப்பைக் காப்பது. முன்புறம் உறக்கத்தைத் தருவது. ஒன்று அழிந்தால் மற்றையது தனியரசு செலுத்தும். இதுவே அவர் கண்ட முடிவு.

இதன் பெருமையை உணர, அக்காலத்து எண்ணத்தையும் அறிதல் வேண்டும். உறக்கம் என்பது வெறும் ஓய்வு, புலன்கள் அடங்கியதும் விளக்கு அணைவதுபோல் தானே நேர்வது என்றே பலரும் கருதினர். உறக்கம் மூளை செய்யும் ஒரு செயல், அதற்கென்று ஓர் இருப்பிடம் உண்டு என்பதை எக்கொனமோ 1929 இல் நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் விரித்துரைத்தார். பகலிற் பன்முறை உறக்கம் தாக்கும் நார்கோலெப்சி என்னும் நோய்க்கும் இவ்விடத்திலேயே காரணம் இருத்தல் கூடும் என்றும் அவர் ஊகித்தார்.

இதற்கிடையில் கொஸ்கினாஸ் என்னும் கிரேக்க அறிஞரோடு கூடி, மனித மூளையின் மேற்பட்டையில் நரம்புக்கலங்கள் அமைந்துள்ள முறையை விளக்கும் பெருநூலை 1925 இல் வெளியிட்டார். அதில் அவர் விவரித்த கதிர்வடிவக் கலங்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. மூளை ஆராய்ச்சிக்கென வியன்னாவில் ஒரு தனிப்பிரிவு 1931 இல் அவருக்கு அமைந்தது. அதனை வளர்க்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. அவ்வாண்டு ஒக்ரோபர் 21 ஆம் திகதி, ஐம்பத்தைந்தாம் வயதில், இதயநோயால் மறைந்தார்.

அவர் இடத்தைக் காட்டினார். அங்கு வினையாற்றும் பொருள்களை அவர் அறியார். நரம்புகள் இரசாயனப் பொருள்களைச் சுரந்து செய்தி அனுப்புகின்றன என்பதை ஒட்டோ லோவி தவளையின் இதயத்திற் காட்டியதே 1921 இல்தான். 1951 இல், யேல் பல்கலைக்கழகத்தில் இந்தியரான ஆனந்தும் அமெரிக்கரான புரொபெக்கும், பரிவகக்கீழின் பக்கப்பகுதி சிதைக்கப்பட்ட எலிகள் உண்ணுவதை நிறுத்திவிடுவதைக் கண்டனர். 1996 இல், முன்புறத்திலுள்ள சிறு கலத்தொகுதியொன்று உறக்கத்தின்போது செயற்பட்டு, காபா முதலிய பொருள்களால் விழிப்புக் கலங்களை அடக்குவது புலனாயிற்று. பின்புறக் கலங்களோ ஹிஸ்ரமினைச் சுரந்து விழிப்பைத் தாங்குகின்றன. தடிமனுக்கு உட்கொள்ளும் சில பழைய மருந்துகள் அப்பொருளைத் தடுப்பதனாலேயே நமக்குக் கண் சொருகுகின்றது.

1998 இல் அமெரிக்காவில் இரு குழுவினர் தனித்தனியே ஒரே பொருளைக் கண்டுபிடித்தனர். ஒரு குழுவினர் அதனை எலிகளின் மூளையிற் செலுத்தியபோது அவை மிகுதியாக உண்டன. ஆதலின், பசி விருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஒரெக்சின் என்று பெயரிட்டனர். எக்கொனமோவின் முன்னோர் மொழியே அப்பொருளுக்குப் பெயர் தந்தது. ஆயின் அதன் தலையாய தொழில் விழிப்பைக் காப்பதே என்பது விரைவில் தெளிவாயிற்று. 2000 ஆம் ஆண்டில் நார்கோலெப்சியால் வருந்தி இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்தபோது, இப்பொருளைச் சுரக்கும் கலங்களுட் பெரும்பாலானவை அழிந்திருந்தன. அவை இருக்க வேண்டிய இடம் பரிவகக்கீழே. எழுபது ஆண்டுகளுக்கு முன் எழுந்த ஊகம் மெய்யாயிற்று.

பசியும் உறக்கமும் ஒரே பொருளின் ஆட்சிக்கு உட்பட்டமை வியப்பன்று. உணவற்ற விலங்கு உறங்கிக் கிடந்தால் மாயும். விழித்து இரை தேடினால் வாழும். இக்கலங்கள் இல்லாத எலிகள் பட்டினி கிடந்தபோதும் விழிப்பு மிகாமல் இருந்ததை ஆய்வாளர் கண்டுள்ளனர். மூளையில் எண்ணிறந்த கோடிக் கலங்கள் இருக்க, ஒரெக்சினைச் சுரப்பவை சில பத்தாயிரங்களே. ஒருவன் பகலில் விழித்திருப்பதும் விழித்திருக்க இயலாமற் போவதும் அச்சிறு தொகுதியைச் சார்ந்துள்ளன.

அந்தச் சிறுவனுக்கு இந்நோய்தான் இருந்தது என்று கூற நான் மருத்துவன் அல்லேன். இரவில் விளக்கெரித்துத் தந்தையுடன் தொழில் செய்தானோ, பசியோடு வந்தானோ, அதுவும் நான் அறியேன். அறியேன் என்பதே என் குற்றம். ஒரு முறையேனும் அவனிடம் கேட்டேன் அல்லேன். எக்கொனமோ தம் நோயாளரின் உறக்கத்தைக் குறையாகக் கொள்ளாது, அது எங்கிருந்து வருகின்றது என்று வினவினார். அவ்வினாவை வினவ நுணுக்குக்காட்டி எதுவும் வேண்டியதில்லை. இன்றும் ஏதோ ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை புத்தகத்தின்மேல் தலை கவிழ்ந்து கிடக்கும். அதன் அருகே செல்லும் ஆசிரியர், வாங்கின்மேல் ஏறும்படி பணிக்குமுன், இந்த வியன்னா மருத்துவரை ஒரு கணம் நினைப்பாராக.