யோவான் ஆமோஸ் கொமேனியுஸ்

இக்காலத்தில் அயல்மொழி பயிலத் தொடங்கும் சிறுவர் கையிற் கொடுக்கப்பெறும் புத்தகத்திலே படமில்லாத பக்கம் காண்பது அரிது. பசுவின் உருவத்தை வரைந்து அதன்கீழ்ப் பசுவென்னும் பெயரைப் பொறித்தல் எவர் மனத்திலும் எளிதாய் உதிக்கத்தக்கதொரு சிறு செய்கையென்றே நாம் எண்ணுகின்றோம். ஆயினும் அச்செய்கையை ஒரு முறையாக வகுத்துப் பள்ளி நூலாக ஆக்கித் தருவதற்கு, நாடிழந்து, மனைவி மக்களை இழந்து, எழுதிய ஏடுகளையும் நெருப்புக்கு இரையாகக் கொடுத்த ஒரு போதகர் தோன்றவேண்டியிருந்தது. அவரே யோவான் ஆமோஸ் கொமேனியுஸ் என்னும் பெரியார். அவருடைய சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப்புகுகின்றோம்.

இவர் 1592ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28ஆம் தேதி மொராவியா நாட்டில் பிறந்தார். இவர் தாய்மொழி செக்கு மொழி. இவர்தம் குடும்பத்தார் யோவான் ஹூஸ் என்னும் இரத்தசாட்சியின் வழிவந்த சகோதரர் ஐக்கிய சபையைச் சேர்ந்தவர்கள். பன்னிரண்டு வயதளவிலேயே தாய் தந்தையரை இழந்து உறவினர் ஆதரவில் வளர்ந்தமையால், இவர் கல்வி தடைப்பட்டது. இலத்தீன் பள்ளியிற் சேர்ந்தபோது இவருக்கு வயது பதினாறு. அக்காலத்தில் ஏழெட்டு வயதிலேயே சிறுவர் இலத்தீன் தொடங்குவது வழக்கமாதலின், இவர் தம்மினும் மிக இளையாரோடு ஒரே பலகையில் அமர்ந்து கற்கவேண்டியவரானார். இத்தாமதத்தை நாம் தீங்கென்று கூறத் துணியோம். சிறு பிள்ளைகள் தம்மை வருத்துவது இன்னதென்று அறியாமலே வருந்துவர்; இவரோ அறிவு முதிர்ந்தபின் அப்பள்ளியினுட் புகுந்தமையால், அதன் குறைகளை ஒவ்வொன்றாகக் கண்டுகொண்டார்.

அக்குறைகள் யாவை? மாணாக்கனுக்கு இலத்தீன் இலக்கண விதிகள் இலத்தீனிலேயே எழுதிக் கொடுக்கப்பட்டன. அறியாத மொழியை அறியாத மொழியாலேயே கற்கும்படி அவனைப் பணித்தனர். சொற்கள் நீண்ட அட்டவணைகளாக மனப்பாடம் செய்விக்கப்பட்டன. அவை எப்பொருளைக் குறிப்பன என்பதை அவன் கண்ணாற் காணவுமில்லை, கையாற் றொடவுமில்லை. மறந்தவனுக்குப் பிரம்படி காத்திருந்தது. இங்ஙனம் பத்தாண்டு கழித்தும் ஒரு சிறு செய்தியைத் தன்வாயாற் சொல்ல வல்லவன் ஆகாமல் வெளியேறியவர் பலர்.

பின்னர் இவர் ஜெர்மானிய நாட்டு ஹெர்போர்ன், ஹைடெல்பெர்க் என்னும் நகரங்களிற் பயின்று, 1614இல் தாய்நாடு திரும்பித் தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியராய் அமர்ந்து, 1616இல் குருப்பட்டம் பெற்றார். 1618இல் புல்னெக் என்னும் ஊர்ச் சபைக்குப் போதகரானார். அவ்வாண்டிலேயே முப்பதாண்டுப் போர் மூண்டது. 1620இல் பிராகு நகரையடுத்த வெண்மலையில் பிராட்டெஸ்டாந்தர் தோற்றனர். மறுவருஷம் படைவீரர் புல்னெக்கைக் கொள்ளையிட, இவர் தம் பொருளையும் புத்தகங்களையும் விட்டு மறைந்து வாழ வேண்டியவரானார். 1622இல் இவர்தம் இளம் மனைவியும் மக்கள் இருவரும் கொள்ளைநோய்க்கு இரையாயினர். சிலகாலம் பிரபு ஒருவர் காணியில் ஒளிந்திருந்து, 1628இல் தம் சபையாரோடு எல்லை கடந்து போலந்து நாட்டு லெஷ்னோ நகரத்திற் குடிபுகுந்தார். மீண்டும் தாய்நாட்டில் வாழும் பேறு இவருக்கு வாய்க்கவில்லை.

லெஷ்னோவிலே வயிற்றுப்பிழைப்பின்பொருட்டும் சபையின் பொருட்டும் பள்ளியாசிரியர் வேலையை மேற்கொண்ட இவர், அங்கே 1631ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலே மொழிகளின் திறந்த வாயில் என்று பொருள்படும் பெயருடைய இலத்தீன் பாடநூல். இதற்கு முன்னரே, ஸ்பானியா தேசத்துச் சலமாங்கா நகரிலிருந்த ஐரிஷ் யேசுசபைக் குருமார், 1611இல் இத்தகைய வாயில் நூலொன்றை வெளியிட்டிருந்தனர். கொமேனியுஸ் பிராட்டெஸ்டாந்தராயினும், அவர்பாற் கடன்பட்டமையை மறைத்தாரல்லர். அவர் நூலிலோ வாக்கியங்கள் ஒன்றோடொன்று தொடர்பின்றிக் கிடந்தன. கொமேனியுஸ் ஏறக்குறைய 8,000 சொற்களை 1,000 வாக்கியங்களில் அமைத்து, அவ்வாக்கியங்களை 100 அதிகாரங்களாக வகுத்து, ஒவ்வோர் அதிகாரத்தையும் ஒரு பொருளுக்கு உரியதாக்கினார். நெருப்பு, நீர், மரங்கள், விலங்குகள், மனிதவுடல், தொழில்கள், வீடு, நகரம் என்றிவ்வாறு உலகம் முழுவதும் அந்நூலில் வரிசையாய் வந்து நிற்கும். முதல் வாக்கியங்கள் குறுகியவை. போகப்போக நீண்டு சிக்கலாகும். அருகே தாய்மொழியில் அவற்றின் பொருள் நிற்கும். இதனால் மாணாக்கன் சொல்லைக் கற்குந்தோறும் ஒரு பொருளையும் கற்றான். இலக்கணமோ வாக்கியத்தினூடே தானாக வந்தடைந்தது.

இந்நூல் சில ஆண்டுகளிலேயே ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பெற்று, ஊர்பேர் அறியாத அகதியின் பெயரை எங்கும் பரப்பிற்று. ஆயினும் இதனிடத்தும் ஒரு குறை உண்டென்பது நம் கருத்து. பெரும்பாலான சொற்களை ஒருமுறையே வழங்குவது என்னும் நியமத்தை இவர் மேற்கொண்டார். ஒருமுறை கண்ட சொல்லை மறவாதிருக்கும் மாணாக்கர் எத்துணையர்? மீண்டும் மீண்டும் வாராத சொல் உள்ளத்தில் வேரூன்றுவதில்லை என்பது வகுப்பறையில் நின்றவர் யாவரும் அறிந்ததே. அன்றியும் 8,000 சொற்கள் தொடக்கத்தாருக்குப் பெருஞ்சுமை. நூலாசிரியரும் இதனை விரைவில் உணர்ந்தார் போலும். 1633இல் ஏறக்குறைய 1,000 சொற்களே உடைய முன்றில் என்னும் சிறு நூலைச் செய்து, வாயிலுக்குமுன் அதனை வைத்தார்.

இதன்பின் நாடுகள் பல இவரை அழைத்தன. 1641இல் இங்கிலாந்து சென்றார். உள்நாட்டுக் குழப்பம் மூண்டதால் மறுவருஷமே நீங்கினார். சுவீடன் தேசத்தார், அறிவெல்லாவற்றையும் ஒன்றாகத் திரட்ட இவர் எண்ணியிருந்த பெருநூலைப் பிற்படுத்தி, முதலில் பள்ளிநூல்களை முடித்துத் தரும்படி வேண்டினர். இவர் மனமின்றியே இசைந்து, எல்பிங் என்னும் துறைமுகநகரில் ஆறாண்டு அவ்வேலையிற் கழித்தார். சிறுவர்க்குச் சொற்கோவை செய்தலை இவர் தம் தகுதிக்குக் கீழ்ப்பட்ட வேலையென்று உள்ளூர நினைத்ததுண்டு. உலகமோ அவ்வேலைக்காகவே இவரை இன்றும் நினைக்கின்றது. 1648இல் போர் முடிந்து உடன்படிக்கையானபோது, சுவீடன் தம்மவரைத் தாய்நாட்டிற்கு மீட்டுத்தரும் என்ற நம்பிக்கையும் பொய்யாயிற்று. அவ்வாண்டிலேயே இவர் சிதறிய சபைக்கு அத்தியட்சரானார். இரண்டாம் மனைவியும் அவ்வாண்டிலேயே இறந்தார்.

1650ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டுச் சாரோஷ்பட்டாக்கிலிருந்த இராக்கோத்சி குடும்பத்துப் பிரபுத்தாயார் அங்குள்ள பள்ளியைச் சீர்திருத்த இவரை வருவித்தார். இவர் ஏழு வகுப்புக்களுக்குத் திட்டமிட்டார், மூன்றே நிறைவேறின. மாணாக்கர் குறைவு, ஆசிரியர் பலர் பழைய வழியை விட விரும்பவில்லை. மேலும் இவர் வாயில் நூலையே எட்டு நாடகங்களாக மாற்றி, மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமேற்று மேடையில் நின்று இலத்தீனிற் பேசும்படி ஏற்பாடு செய்தார். பள்ளியிற் கூத்தோ என்று எதிர்த்தனர் சிலர். நாடகம் நடந்தபின் பெற்றோர் மகிழ்ந்தனர், எதிர்ப்பும் அடங்கிற்று. ஏட்டிலே செத்துக்கிடந்த சொற்கள் சிறுவர் நாவில் உயிர்த்தெழுந்தமையை அவர்கள் கண்டார்கள் என்க.

அங்கிருந்த காலத்திலேதான், இளையோருக்கு வாயிலும் முன்றிலும் கடினமாயிருத்தலைக் கண்டு, படங்களோடு கூடிய நூலொன்றை இவர் வகுத்தார். அவ்வூரில் மரத்திற் படம் செதுக்க வல்லவர் கிடைக்கவில்லை. ஏட்டுப்பிரதி நூரன்பெர்க் நகரத்துக்குச் சென்று, அங்கே எண்டர் என்னும் அச்சகத்தாரால் 1658இலேயே இலத்தீனும் ஜெர்மனுமாக வெளிப்பட்டது. புலனுக்குரிய உலகம் படங்களில் என்பது அதன் பெயரின் பொருள். அந்நூலின் அமைப்பைச் சற்று விரித்துரைப்போம்.

அதில் 150 பாடங்கள் உள்ளன. கடவுளிற் றொடங்கிக் கடைசி நியாயத்தீர்ப்பில் முடிகின்றன. எழுத்துக்களைக் கற்பிக்க விலங்கு பறவைகளின் ஒலிகளே துணையாக நிற்கின்றன. காகம் கரையும் ஒலியால் ஓரெழுத்தும், ஆட்டுக்குட்டி கத்தும் ஒலியால் மற்றோரெழுத்தும் சிறுவன் செவியிற் பதியும். தையற்காரனைப் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். மேலே அவன் வேலை செய்யும் அறையின் படம். தையற்காரன், துணி, கத்தரிக்கோல், ஊசி, நூல், இஸ்திரிப்பெட்டி ஆகிய ஒவ்வொன்றின்மேலும் ஒவ்வோர் எண். கீழே அவன் துணியை வெட்டுவதும், தைப்பதும், தையலை அழுத்தித் தேய்ப்பதும் சில சிறு வாக்கியங்களில் இருமொழியிலும் கூறப்படும். சொல்லின் பக்கத்தில் படத்திலுள்ள அதே எண் நிற்கும். சிறுவன் எண்ணைப் பற்றிச் சொல்லினின்று பொருளுக்கும், பொருளினின்று சொல்லுக்கும் சென்று வருவான். அட்டவணையில் ஊசியென்னும் சொல் தனித்து நிற்கும். இங்கோ துணியோடும் நூலோடும் தைப்பவன் கையோடும் கூடி நிற்கும். ஒன்றை நினைத்தால் மற்றவை தாமே வரும்.

படத்தின் எல்லையையும் இவர் அறிந்திருந்தார். நிறத்தையும் சுவையையும் மையால் எழுதிக் காட்டவியலாது. ஆதலின் அவற்றை நேரே காட்டவேண்டும் என்றும், அரிய பொருள்களைப் பள்ளியிற் சேகரித்து வைத்தல் நன்றென்றும், சிறுவர் தாமே படங்களைப் பார்த்து வரைய விடவேண்டும் என்றும் முகவுரையிற் கூறினார். மறுவருஷமே இது ஆங்கிலத்தில் வந்தது. ஏறக்குறையத் தொண்ணூறாண்டு கழித்துப் பிறந்த ஜெர்மானிய மகாகவி கேதே தம் இளமையில் இதனைப் பயின்றார்.

இந்நூல் வெளிவருமுன்னரே பேரிடி யொன்று விழுந்தது. 1654இல் லெஷ்னோ திரும்பிய இவர், மறுவருஷம் போலந்தின்மேற் படையெடுத்த சுவீடன் அரசனைப் புகழ்ந்து எழுதினார். தமக்குப் புகலிடம் அளித்த நாட்டின் பகைவனை அந்நாட்டிலிருந்தே புகழ்ந்தது நன்றன்று என்று கூறாதிருத்தல் கூடவில்லை. 1656 ஏப்பிரலில் போலந்தியர் நகரை எரித்தனர். வீடும் நூலகமும் சாம்பலாயின. ஹெர்போர்னில் மாணவராயிருந்தபோது தொடங்கி நாற்பதாண்டுக்குமேல் தொகுத்துவந்த செக்கு மொழிச் சொற்களஞ்சியமும் அதிற் போயிற்று. பிறர் மக்கள் இலத்தீன் சொற்களை எளிதிற் கற்க வழிகாட்டியவர், தம் தாய்மொழிச் சொற்களைச் சேமித்த ஏட்டைக் காக்க இயலாதவரானார். ஏனை இழப்புக்களை ஒருவாறு ஆற்றிக்கொண்ட அவர் இதனைமட்டும் இறுதிவரை ஆற்றிக்கொள்ளவில்லை.

பின்பு ஆம்ஸ்டர்டாமில் டி கேர் குடும்பத்தார் ஆதரவில் வாழ்ந்தார். 1657இல் இவர்தம் கல்வி நூல்களெல்லாம் ஒரு தொகுதியாக அங்கே அச்சாயின. ஹாப்ஸ்புர்க் வமிசம் விழும் என்று உரைத்த சிலர்தம் தீர்க்கதரிசனங்களையும் நம்பி வெளியிட்டு, அறிஞர் பலரின் நகைப்புக்கு ஆளானார். 1670 நவம்பர் 15ஆம் தேதி மரித்து, அருகிலுள்ள நார்டன் ஊர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

மனித காரியங்கள் யாவற்றையும் சீர்திருத்துதல் பற்றி இவர் எழுதி முடியாது விட்ட பெருநூலும் அழிந்ததென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1930களில் அதன் ஏட்டுப்பிரதி ஜெர்மனியில் ஹால்லே நகரத்து அநாதசாலையின் சுவடிச்சாலையில் அகப்பட்டது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயர் பயின்றதும், அவருக்குப்பின் மிஷனெரிமாரை அனுப்பிவந்ததும் அந்த ஹால்லேயே. கொமேனியுஸின் சபை ஹெர்ன்ஹூட்டில் புத்துயிர் பெற்றபின், அச்சகோதரரும் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து சில பத்தாண்டுகள் தங்கினர். அவ்வேடு முழுதும் 1966ஆம் ஆண்டில், அவர் மீளப்பெறாத தாய்நாட்டின் பிராகு நகரிலே அச்சேறிற்று.