மெக்கானிக் ஹென்றி ராய்ஸ்

(மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் பிரிவு மாணவன்)



இந்த மலருக்கு யாராவது ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னபோது, எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அப்துல் கலாம் அய்யா பெயரைக் கொடுத்துவிட்டார்கள். நியாயம்தான். அவர் படித்த எம்.ஐ.டி. நம்ம குரோம்பேட்டையில்தானே இருக்கிறது! நான் ரோல்ஸ்-ராய்ஸ் காரைச் செய்த ஹென்றி ராய்ஸ் பெயரைக் கொடுத்ததும் எல்லோரும் சிரித்தார்கள். சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டவே காசில்லாதவனுக்கு ரோல்ஸ்-ராய்ஸ் கேட்குதான்னு ஒரே கிண்டல்.

எனக்கும் அந்தக் காருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் எனக்கும் அந்த மனிதருக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்க அப்பா மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஷெட்டில் டிங்கர். நசுங்கின காரைத் தட்டி நேராக்குகிற வேலை. எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். போன வருடம் மூன்றாவது செமஸ்டர் நேரத்தில் அப்பாவுக்குக் கையில் தகடு கிழித்து இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. எனக்கோ இரண்டு அரியர். படிப்பை நிறுத்திவிட்டு ஷெட்டுக்கே போய்விடலாம் என்று முடிவு கட்டியிருந்தேன். நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில்தான் மோட்டார் வாகன வரலாறு பற்றிய ஒரு பழைய புத்தகம் கையில் கிடைத்தது. அதில் ராய்ஸ் பற்றி நாலு பக்கம். நின்றபடியே படித்தேன். அப்புறம் தேடித் தேடிப் படித்தேன்.

பேப்பர் போட்ட பையன்

பிரடெரிக் ஹென்றி ராய்ஸ் 1863 மார்ச் 27-ல் இங்கிலாந்தில் பீட்டர்பரோ அருகே ஆல்வால்டன் என்ற கிராமத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா மாவு மில் நடத்தி நொடித்துப் போனவர். பிழைப்புத் தேடிக் குடும்பம் லண்டன் வந்தது. 1872-ல் அப்பா ஏழைகள் விடுதியில் இறந்துபோனார். அப்போது ராய்ஸுக்கு வயது 9.

அதன் பிறகு ஏது படிப்பு? ரயில் நிலையத்தில் செய்தித்தாள் விற்றான் அந்தப் பையன். கொஞ்சம் வளர்ந்ததும் லண்டனில் பணக்காரர்கள் வாழும் மேபேர் பகுதியில் வீடு வீடாகத் தந்தி கொடுத்தான். ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போனது ஏறக்குறைய ஒரே ஒரு வருடம்! அதே மேபேரில் 1877-ல் ஒரு பிரபு வீட்டில் சார்லஸ் ரோல்ஸ் என்ற குழந்தை பிறந்தது. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அத்தை கொடுத்த பணம்

ராய்ஸின் உறவுக்காரப் பெண்மணி ஒருவர், ஆங்கிலத்தில் ஆன்ட்டி, நம் முறையில் அத்தையோ பெரியம்மாவோ, பையனைப் பார்த்து இரக்கப்பட்டார். வருடத்துக்கு 20 பவுண்டு கட்டி, 1878-ல் பீட்டர்பரோ ரயில்வே ஒர்க்ஷாப்பில் அப்ரண்டிஸாகச் சேர்த்துவிட்டார். அந்தக் காலத்தில் தொழில் கற்கப் பையன்தான் பணம் கட்ட வேண்டும். ஸ்டைபண்டு எல்லாம் கிடையாது.

பகலில் ரயில் எஞ்சின். சாயங்காலம் தங்கியிருந்த வீட்டுக்காரரின் சின்னப் பட்டறையில் லேத், அரம், பிட்டிங். மீந்துபோன பித்தளைத் துண்டுகளை வைத்துக் குட்டிக் குட்டித் தள்ளுவண்டிகள் செய்து பார்த்திருக்கிறார். முதல் வருடம் பிட்டிங் ஷாப்பில் நாம் வீ-ஜாயிண்ட் போட்டதை நினைத்துப் பாருங்கள். ட்ரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்போம். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் சார் ஜாபைத் தூக்கிப் போட்டுவிடுவார். நமக்குக் கோபம் வரும். ராய்ஸ் தன் வாழ்நாள் முழுக்க அந்த இடுக்கு வெளிச்சத்தைத் தேடித் தேடி அடைத்தவர்.

ஆனால் மூன்று வருடத்தில் அத்தையின் பணம் தீர்ந்தது. பயிற்சி பாதியில் நின்றது. சான்றிதழ் இல்லை. வேலை தேடி அலைந்து லீட்ஸ் நகரில் கருவி செய்யும் கடையில் கொஞ்ச நாள் இருந்தார். பிறகு லண்டனில் ஒரு மின்விளக்குக் கம்பெனியில் சேர்ந்தார். மின்சாரம் அன்று புதுத் தொழில். எல்லோருக்குமே அது புதுசு என்பதால் சான்றிதழ் இல்லாதவனுக்கும் அதில் இடம் கிடைத்தது. சும்மா இருந்துவிடவில்லை அவர். மாலை வகுப்புக்குப் போய் மின்னியல் படித்தார். 19 வயதில் லிவர்பூலில் தெருவிளக்கு போடும் வேலைக்குப் பொறுப்பாளர்! அந்தக் கம்பெனியும் மூடப்பட்டது.

1884-ல் மான்செஸ்டர் குக் தெருவில் சொந்தப் பட்டறை. கையில் இருந்தது 20 பவுண்டு. கூட்டாளி கிளேர்மான்ட் போட்டது 50 பவுண்டு. காலிங் பெல், விளக்கு, டைனமோ, மின்சாரக் கிரேன் என்று தொழில் வளர்ந்தது. நம் வீட்டில் குண்டு பல்பை அழுத்தித் திருப்பி மாட்டுகிறோமே, அந்த வகை ஹோல்டரில் செய்த ஒரு திருத்தத்துக்கு 1897-ல் அவர் காப்புரிமை வாங்கியிருக்கிறார்.

செகண்ட் ஹேண்ட் கார்

எங்க அப்பா ஷெட்டுக்கு ஒருமுறை வெளிநாட்டுச் சொகுசுக் கார் ஒன்று வந்தது. சேலையூர்க்காரர் ஒருவர் ஆசைப்பட்டு செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒரு ஹெட்லைட் மாற்ற அவர் கேட்டுவந்த விலை எங்க அப்பாவின் மூன்று மாத வருமானம். வாங்கும்போது தெரியல, வச்சுக்கும்போதுதான் தெரியுதுன்னு அவர் புலம்பியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடைசியில் வந்த விலைக்கு விற்றுவிட்டார்.

ராய்ஸும் 1902-ல் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். பிரான்சில் செய்த தெக்கோவில், 10 குதிரைத்திறன். அன்றைய நிலவரப்படி மோசமான கார் அல்ல. ஆனால் சத்தம், அதிர்வு, சரியில்லாத இக்னிஷன். இவர் புலம்பவில்லை, விற்கவும் இல்லை. முழுக்கப் பிரித்துப் போட்டார்! ஒவ்வொரு பாகத்தையும் பார்த்து இதை இன்னும் எப்படி நன்றாகச் செய்யலாம் என்று யோசித்து, சொந்தமாக மூன்று கார் செய்யத் தொடங்கினார். 1904 ஏப்ரல் 1 அன்று முதல் கார் குக் தெருவிலிருந்து கிளம்பி 15 மைல் ஓடி வீடு போய்ச் சேர்ந்தது. முட்டாள்கள் தினமாச்சே என்று யாரும் சிரிக்க முடியவில்லை.

உலகத்தில் புதிதாக எதையும் அவர் கண்டுபிடித்துவிடவில்லை. எஞ்சின், கியர், கார்புரேட்டர் எல்லாம் முன்பே இருந்தவை. இருந்ததை ஒழுங்காகச் செய்தார். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்குள்தான் அத்தனையும் இருக்கிறது நண்பர்களே.

அந்தக் காரை ஓட்டிப் பார்த்தவர் யார் தெரியுமா? மேபேரில் பிறந்த அதே சார்லஸ் ரோல்ஸ். பிரபு வீட்டுப் பிள்ளை, கேம்பிரிட்ஜில் படித்தவர், லண்டனில் வெளிநாட்டுக் கார்களை விற்றுக்கொண்டிருந்தவர். 1904 மே 4-ல் மான்செஸ்டர் மிட்லண்ட் ஓட்டலில் இருவரும் சந்தித்தார்கள். ராய்ஸ் செய்ய வேண்டும், ரோல்ஸ் விற்க வேண்டும், இருவர் பெயரும் காரில் இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று. 1906-ல் ரோல்ஸ்-ராய்ஸ் லிமிடெட் பிறந்தது.

சில்வர் கோஸ்ட்

அடுத்து வந்தது 6 சிலிண்டர், 7,036 சி.சி. எஞ்சின். அந்தக் காலத்து 6 சிலிண்டர் எஞ்சின்களுக்கு ஒரு வியாதி இருந்தது. நீளமான கிராங்க்ஷாப்ட் முறுக்கிக்கொண்டு அதிரும், சில சமயம் உடைந்தே போகும். ராய்ஸ் மூன்று மூன்று சிலிண்டராக இரண்டு பிளாக் வைத்தார். கிராங்க்ஷாப்டைத் தடிமனாக்கி, 7 பேரிங்கில் உட்கார வைத்து, அழுத்தத்தோடு எண்ணெய் போகச் செய்தார். சேஸிஸில் சும்மா ரிவெட் அடித்து விடாமல், துளையை ரீமர் போட்டுச் சரிசெய்து டேப்பர் போல்ட் இறுக்கினார். நம் தியரி பேப்பரில் ஐந்து மார்க் கேள்வியாக வருகிற விஷயங்கள்தான்!

1907-ல் வெள்ளி நிறத்தில் சில்வர் கோஸ்ட் என்று பெயரிட்ட ஒரு காரை 15,000 மைல் ஓட்டிச் சோதித்தார்கள். தாம்பரத்திலிருந்து கன்னியாகுமரிக்குச் சுமார் 17 தடவை போய்த் திரும்புகிற தூரம். தொடக்கத்தில் ஒரே ஒரு முறை, பெட்ரோல் குழாய் அதிர்வில் தானாக மூடிக்கொண்டு வண்டி நின்றது. அதன்பின் 14,371 மைல் ஒரு தடவைகூடத் தானாக நிற்காமல் ஓடியது. முடிவில் பிரித்துப் பார்த்து, தேய்ந்ததை மாற்றிப் புதிதுபோல ஆக்க ஆன செலவு 2 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். வச்சுக்கும்போதுதான் தெரியும் என்று சேலையூர்க்காரர் சொன்னதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்று அப்போது புரிந்தது.

இந்தியாவுக்கும் அந்தக் கார் சீக்கிரமே வந்தது. 1908-ல் பம்பாயிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலை ஏறி கோலாப்பூர் வழியில் நடந்த சோதனை ஓட்டத்தில் ஜெயித்த காரை குவாலியர் மகாராஜா வாங்கினார். அப்புறம் சமஸ்தானத்துக்குச் சமஸ்தானம் போட்டி. ஹைதராபாத் நிஜாமுக்காகச் சிம்மாசனம் வைத்துச் செய்த மஞ்சள் நிறக் கார் இன்றும் சௌமஹல்லா அரண்மனையில் இருக்கிறது.

பெருங்களத்தூர் பாடம்

இந்த இடத்தில் நம்ம ஊர்க் கதை ஒன்று. பெருங்களத்தூரில் இன்று ஐ.டி. கட்டடங்கள் நிற்கிற இடத்தில் ஒரு காலத்தில் ஸ்டாண்டர்டு கார் தொழிற்சாலை இருந்தது. ஹெரால்டு கார் செய்த அதே கம்பெனி. 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற சொகுசுக் காரை விட்டார்கள். உடம்பு, இங்கிலாந்தில் பேர் வாங்கிய ரோவர் காருடையது. அங்கே அதற்கு வி-8 எஞ்சின்கூட உண்டு. இங்கே உள்ளே வைத்தது பழைய வான்கார்டு காலத்து 2 லிட்டர், 4 சிலிண்டர் எஞ்சின். இழுவை போதவில்லை, பெட்ரோலோ தண்ணீராகச் செலவானது. வாங்கியவர்கள் நொந்துபோனார்கள். 1988-ல் உற்பத்தி நின்றது. அப்பா ஹெல்பராக இருந்தபோது அந்தக் கார் ஒன்றைத் தட்டியிருக்கிறார். அருமையான தகடு என்று இப்போதும் சொல்வார். தகடு மட்டும் அருமையாக இருந்து என்ன பயன்? ராய்ஸ் உள்ளேயிருந்து தொடங்கினார். பெயர் பிறகுதான் வந்தது.

கொடுத்த விலை

ராய்ஸை வெறுமனே புகழ்ந்துவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. வேலையில் மூழ்கினால் அவருக்குச் சாப்பாடு நினைவே இருக்காது. ஒர்க்ஷாப் பையன்கள் பால் டம்ளரோடு பின்னாலேயே ஓடுவார்களாம். அதற்கு உடம்பு பழி வாங்கியது. ரோல்ஸ் 1910-ல் 32 வயதில் விமான விபத்தில் இறந்தார். அடுத்த வருடமே ராய்ஸ் படுத்துவிட்டார். 1912-ல் பெரிய அறுவை சிகிச்சை. அதன்பின் டெர்பி நகரத் தொழிற்சாலைக்கு அவரால் திரும்பவே முடியவில்லை. கடலோர வீடுகளில் இருந்தபடி 20 வருடம் வரைபடம் போட்டு அனுப்பினார். பட்டறையில் வளர்ந்தவனுக்குப் பட்டறை வாசனையே இல்லாத 20 வருடம்! சாப்பிடாமல் படிக்கிற ஹாஸ்டல் நண்பர்கள் இதைக் கவனிக்கவும்.

அந்த நிலையிலும் 1915-ல் அவர் வடிவமைத்த ஈகிள் விமான எஞ்சின் ஓடியது. 1919-ல் அட்லாண்டிக் கடலை முதன்முதலாக நிற்காமல் தாண்டிய விமானத்தில் இருந்தவை இரண்டு ஈகிள் எஞ்சின்கள். இன்றைக்கு மீனம்பாக்கத்தில் இறங்குகிற பெரிய விமானங்கள் சிலவற்றிலும் இந்தப் பெயர்தான். ஆனால் விமான எஞ்சின் கம்பெனி வேறு, கார் கம்பெனி வேறு என்று பின்னாளில் பிரிந்துவிட்டன. 2003 முதல் ரோல்ஸ்-ராய்ஸ் கார் பி.எம்.டபிள்யூ.வுக்குச் சொந்தம். மின்சார ரயிலில் பரனூர் பக்கம் போனால் மகேந்திரா சிட்டி வருமே, அங்கே 2007-லிருந்து கார் பூட்டுகிற அதே பி.எம்.டபிள்யூ. ரோல்ஸ்-ராய்ஸ் மட்டும் இங்கிலாந்தில் குட்வுட்டில் செய்யப்படுகிறது. ராய்ஸ் கடைசிக் காலத்தில் வாழ்ந்த வெஸ்ட் விட்டரிங் ஊருக்கு அது பக்கம்.

1930-ல் அரசாங்கம் அவருக்கு சர் பட்டம் கொடுத்தது. ஆனாலும் தன்னை வெறும் மெக்கானிக் என்று சொல்லிக்கொள்வதில்தான் அவருக்குப் பெருமை. 1933 ஏப்ரல் 22-ல், 70 வயதில் காலமானார். அஸ்தி அவர் பிறந்த ஆல்வால்டன் தேவாலயத்தில் இருக்கிறது.

எங்க அப்பாவை ஷெட்டில் எல்லோரும் மெக்கானிக் என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் பள்ளியில் அப்பா தொழிலைக் கேட்கும்போது மெதுவான குரலில் சொல்வேன். இனி சத்தமாகச் சொல்வேன்.

அரியர் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ராய்ஸே சர்டிபிகேட் இல்லாமல் ஜெயித்தாரே, நாம் ஏன் படிக்க வேண்டும் என்று நானும் முதலில் நினைத்தேன். அது தப்பு. அவர் படிப்பை விடவில்லை, பணம்தான் அவரை விட்டது. கிடைத்த முதல் சந்தர்ப்பத்தில் மாலை வகுப்பில் போய் உட்கார்ந்தார். நான் நிறுத்தப் போகிறேன் என்று தெரிந்ததும், மெப்ஸில் தையல் வேலை பார்க்கிற எங்க அத்தை, சீட்டுப் பணத்தை எடுத்துவந்து பரீட்சை பீஸ் கட்டினார். இரண்டு அரியரில் ஒன்று போய்விட்டது. இன்னொன்று இந்த ஏப்ரலில்.

ராய்ஸுக்கு அத்தை பணம் மூன்றாவது வருடத்தில் நின்றுபோனது. எனக்கு இது மூன்றாவது வருடம். எங்க அத்தை பணம் இன்னும் நிற்கவில்லை. அதனால் நானும் நிற்கப் போவதில்லை.