செய்திக்காக உயிர் கொடுத்த மௌலவி முஹம்மது பாகர்

துறையூரிலோ திருச்சியிலோ ஒரு செய்தியாளர் மிரட்டப்பட்டால், பத்திரிகையாளர் மன்றத்தினர் ஒன்றுகூடிக் கண்டனம் தெரிவிப்பார்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அப்படிக் குரல் கொடுக்க எவருமே இல்லாத காலத்தில் பத்திரிகை நடத்தி, அதற்காகத் தன் உயிரையே கொடுத்தவர் டில்லியைச் சேர்ந்த மௌலவி முஹம்மது பாகர். நம் பிள்ளைகள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு இது.

மார்க்க அறிஞரின் மகனான பாகர், டில்லிக் கல்லூரியில் பயின்று அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார். 1835இல் பத்திரிகைகள் மீதிருந்த உரிமக் கட்டுப்பாடு நீங்கியது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் ‘டில்லி உருது அக்பார்’ என்ற வார இதழைத் தொடங்கினார். அரண்மனைச் செய்தி, கம்பெனி ஆட்சியின் போக்கு, ஊர் நடப்பு எல்லாம் அதில் வந்தன. சூதாட்டத்துக்காகக் கவிஞர் காலிப் பிடிபட்ட செய்தியைக் கூட அந்த இதழ் மறைக்கவில்லை.

1857 மே 11 அன்று மீரட் சிப்பாய்கள் டில்லிக்குள் நுழைந்தனர். மே 17 இதழில் அந்த எழுச்சியைப் பாகர் விரிவாக எழுதினார். இந்துக்களும் முஸ்லிம்களும் பிரிந்துவிடக் கூடாது என்று தொடர்ந்து வலியுறுத்தினார். ஜூன் மாதம் கானிங் பிரபு மீண்டும் உரிமச் சட்டம் கொண்டுவந்தார். பாகர் நிறுத்தவில்லை. ஜூலையில் பேரரசர் பகதூர் ஷா ஜஃபரின் பெயரையே தம் இதழுக்குச் சூட்டினார்.

செப்டம்பரில் டில்லி வீழ்ந்தது. கல்லூரி முதல்வர் டெய்லரின் கொலைப்பழி பாகர் மீது சுமத்தப்பட்டது. ஆனால் கலவரத்தில் டெய்லர் அடைக்கலம் தேடி வந்ததே பாகரின் வீட்டுக்குத்தான். அங்கிருந்து வெளியேறிய பிறகே அவர் கொல்லப்பட்டார். முறையான விசாரணையின்றி பாகர் கொல்லப்பட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உயிர் தப்பிய மகன் முஹம்மது ஹுசைன் ஆஸாத் பின்னாளில் உருது இலக்கியத்தின் பெரும் பெயர்களில் ஒருவரானார்.

சரியாக நூறாண்டுகள் கழித்து, 1957 டிசம்பரில், அதே டில்லியில் இந்தியப் பத்திரிகையாளர் மன்றம் தோன்றியது. செய்தியாளர்கள் சந்தித்துப் பேசவும், தங்களில் ஒருவர் தாக்கப்பட்டால் ஒரே குரலில் கேட்கவும் அது ஓர் இடமானது.

நம் பிரச்சினைகளுக்குப் பத்திரிகையாளர்களைத் தேடி ஓடுகிறோம். அவர்களுக்கு நெருக்கடி வரும்போது நம் ஜமாஅத்துகள் உடன் நிற்கின்றனவா? பாகரின் வாழ்வு நம்மிடம் கேட்கும் கேள்வி இதுதான். அன்னாரின் தியாகத்தை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.